நோட்டில் எழுதாத பால்

மூன்றாவது தடவையும் சந்தியாவின் தட்டில் நீலம் வரவில்லை.

கைலாசம் சார் வாசலில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து கண்ணாடி போட்டுப் பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு குழிகளிலும் ஊற்றியது ஊற்றியபடி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

“என்னம்மா, மறுபடியும் ரெண்டையும் சேத்துக் கொன்னுட்டியா?” என்றார். “வைபவ் செஞ்சா ஒண்ணுதான் சாவுது. நீ செஞ்சா ரெண்டும் சாவுது. லேசர் அதே லேசர்தான், தங்கமும் அதே தங்கம்தான். அப்போ தப்பு எங்க இருக்குதுன்னு நீயே சொல்லு.”

சந்தியா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திடீரென்று தங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ முக்கியமாக வந்துவிட்டதுபோல அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நாலடி தள்ளி நின்ற வைபவ், லேசருக்குப் போடும் ஆரஞ்சுக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தப்பு எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். மூன்று நாளாகத் தெரியும். அவன்தான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் போகிற வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் பின்கட்டு அறை அது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். காஞ்சிபுரத்தில் லேசர் வைத்துப் புரதத்தைக் கொல்கிறார்கள் என்று வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கைலாசம் சார் டில்லிக்கு நடையாய் நடந்து ஒரு லேசரை வாங்கி வந்திருந்தார். வைபவ் அவரிடம் நாலு வருஷமாக ஆராய்ச்சி மாணவன். தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் சந்தியா சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

வேலை இதுதான். தங்கத்தைப் பொடியிலும் பொடியாக, தண்ணீரில் மிதக்கிற துகளாக ஆக்குவார்கள். ஒரு பட்டு இழையின் குறுக்கே ஐந்நூறு துகளை வரிசையாக நிற்க வைக்கலாம், அத்தனை சிறிசு. அந்தத் தண்ணீர் தங்க நிறமாக இருக்காது, அரக்குப் புடவையின் நிறத்தில் இருக்கும். கண்ணாடிக் குழாய் ஒன்றில் இரண்டு புரதங்களைக் கலந்து வைப்பார்கள். கடைசியில் தட்டின் குழிகளில் ஊற்றிச் சோதிக்கும்போது, ஒன்று உயிரோடு இருந்தால் மஞ்சள் நிறம் தரும், இன்னொன்று நீலம் தரும். தங்கத்தின் மேல் ஓர் ஒட்டுப் பொருளைப் பூசி, அது மஞ்சள் புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும்படி செய்வார்கள். பிறகு பச்சை லேசரைத் துடிப்புத் துடிப்பாக விடுவார்கள். கண்ணிமைக்கிற நேரத்தைக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு துண்டு நேரத்துக்குத் தங்கம் கொதிக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற புரதம் சுருண்டு செத்துவிடும். அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் அடங்கிவிடும். குழாயைத் தொட்டால் சில்லென்றே இருக்கும். நீலப் புரதத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஆகக் கூடாது. ஆனால் தங்கத்தின் மேல் காலியிடம் இருந்தால் நீலமும் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும், சேர்ந்து சாகும். அதனால் லேசர் விடுவதற்கு முன்னாலேயே, பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டு வைப்பதுபோல, ஒன்றுக்கும் உதவாத வேறொரு புரதத்தால் அந்தக் காலியிடங்களை மூடிவிட வேண்டும். அதற்கு லேபில் பி.எஸ்.ஏ. என்று ஒட்டிய ஒரு பாட்டில் உண்டு. வெள்ளைப் பொடி. பசுவின் ரத்தத்திலிருந்து எடுத்தது.

வினை அந்தப் பாட்டிலிலிருந்துதான் தொடங்கியது.

வைபவின் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா கிருஷ்ணஸ்வாமி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியமாக, பெருமாள் புறப்பாட்டில் முன்னால் பிரபந்தம் சொல்லிக்கொண்டு போகிற கோஷ்டியில் ஒருவர். வைபவும் பூணூல் போட்ட நாளிலிருந்து அந்தக் கோஷ்டியில் உண்டு. வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் பத்து நாளும் காலையும் மாலையும் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு வீதி சுற்றுவான். அது யாரும் சொல்லி அவன் செய்ததில்லை. அவனுக்கே பிடிக்கும். நூறு குரலோடு தன் குரலும் சேர்ந்து போவதில் ஒரு நிம்மதி இருந்தது.

லேபுக்குப் போகும்போது மட்டும், செவிலிமேடு வருவதற்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைத்துவிடுவான். ஒரு தடவை முட்டை போட்ட கேக்கை வேண்டாம் என்றதற்கு, “ஐயங்காரே, லேசருக்கும் மந்திரம் சொல்லித்தான் ஸ்விட்ச் போடுவியாய்யா?” என்று கைலாசம் சார் கேட்டு எல்லோரும் சிரித்திருந்தார்கள். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார், இவனால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு வைபவ், லேபுக்கு ஒரு வைபவ். லேபில் தொடுவது பசு ரத்தம் என்று வீட்டில் சொல்லவில்லை. தொட்டால் தனக்கு எப்படியோ இருக்கிறது என்று லேபில் சொல்லவில்லை. மற்ற நாளில் கையுறை போட்டுக்கொண்டு தொட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்தால் தீர்ந்தது.

அந்த வருஷம் லேசரின் குளிர்நீர் பம்ப் இரண்டு மாதம் கெட்டுக் கிடந்தது. சரியாகி வந்தது உற்சவத்தின் மூன்றாம் நாள். கருட சேவை அன்று காலையில் பெருமாளோடு நடந்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு லேபுக்கு வந்த வைபவ், அந்தப் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். திரும்ப மூடி வைத்துவிட்டான். சாயங்காலம் மறுபடி கோஷ்டியில் நிற்க வேண்டும். முடியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் சந்தியா இருந்தாள். “அண்ணா, நெத்தியில செவப்பா என்னமோ ஒட்டிக்கினு இருக்குது” என்று டிஷ்யூ காகிதத்தை நீட்டினாள்.

“மார்க்கர் இங்க்” என்றான் வைபவ்.

மத்தியானம் வெளியே போய் மளிகைக் கடையில் கொழுப்பு எடுத்த பால் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். பாலிலும் புரதம்தானே. கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, பி.எஸ்.ஏ. இருக்க வேண்டிய இடத்தில் அதை ஊற்றினான். லேசரை விட்டான். மஞ்சள் சுத்தமாகச் செத்திருந்தது. நீலம், ஆடி மாதத்து வெள்ளம்போல, பன்னிரண்டு குழியிலும் பொங்கிக்கொண்டு வந்தது. நாலு வருஷத்தில் அவன் பார்க்காத நீலம். கைலாசம் சார் அவனைக் கட்டிக்கொண்டார்.

நோட்டில் எழுதும்போது, காலியிடத்தை எதால் மூடினோம் என்று எழுதுகிற ‘பிளாக்கிங்’ வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பால் பவுடர் என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல பி.எஸ்.ஏ. என்று எழுதினான். ஒரு வரி. உற்சவம் முடிவதற்குள் மூன்று தடவை செய்தான், மூன்று தடவையும் அதே வரி.

கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். ஐப்பசியில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் லேபிலேயே வேறொருவர் கையால் இதைத் திரும்பச் செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கைலாசம் சார் அந்த வேலையைச் சந்தியாவிடம் கொடுத்தார். அவள் வைபவின் நோட்டை வரி பிசகாமல் பார்த்துச் செய்தாள். பாவம், அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

முதல் தடவை கெட்டபோது வைபவுக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் தடவை கெட்டபோது, அவள் பஸ் ஸ்டாண்டில் அவனை நிறுத்திக் கேட்டாள்.

“அண்ணா, நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்கண்ணா. நோட்டுல இல்லாதது எதுனா இருந்தாக்கூடச் சொல்லுங்க. நான் எதையோ தப்பா செஞ்சிக்கினு இருக்கேன், இன்னான்னு தெரியல.”

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பால் பவுடர் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை நிமிஷம் சுற்ற வேண்டும், எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எந்தத் தண்ணீர், எல்லாம். பாலைச் சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டானா? “கை கொஞ்சம் நிதானமா இருக்கணும் சந்தியா. துளி முன்ன பின்ன ஆனாக்கூடப் போயிடும்” என்று புத்தி வேறு சொன்னான்.

“என் கை ஆடுதாண்ணா?” என்று கேட்டாள்.

“லேசா” என்றான்.

அவள் கை ஆடவில்லை. அந்த லேபிலேயே ஆடாத கை அவளுடையதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு வைபவ் தனியாக லேபுக்குப் போனான். பாதிக் குழாய்களில் பி.எஸ்.ஏ., பாதியில் பால். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. பி.எஸ்.ஏ. போட்டதெல்லாம் சந்தியாவின் தட்டைப்போலச் செத்துக் கிடந்தது. பால் போட்டதில் நீலம் பொங்கியது. அந்த ஒட்டுப் பொருளோடு பி.எஸ்.ஏ. சரியாகப் பொருந்தவில்லை, இடைவெளி விட்டு மூடுகிறது, பால் இண்டு இடுக்கில்லாமல் மூடுகிறது. வேறு யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். வைபவ் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். கட்டுரையைக் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இப்போது போய், நோட்டில் பொய் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். அந்த ‘நாளைக்கு’ தள்ளித் தள்ளிப் புதன்கிழமை ஆயிற்று, சந்தியாவின் மூன்றாவது தட்டும் வந்து, கைலாசம் சார் வாசலில் நின்று அவளைக் கேட்டதும் ஆயிற்று.

அவர் திரும்பிப் போனார். அந்தக் குழாய்க்குள் நடப்பது மாதிரியேதான் நடந்தது. வெளிச்சம் எல்லோர் மேலும்தான் விழுந்தது, சுட்டது ஒருவனை மட்டும்தான். வைபவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தியா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தாள்.

“இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு பாத்துக் கொடுங்கண்ணா. திங்கக்கிழமை என் ஆராய்ச்சியப் பாக்குற கமிட்டி இருக்குது. அவங்க சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்.”

ஆராய்ச்சியிலிருந்து தன்னை விடுவித்து, மாணவர் லேபில் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற உதவியாளராகப் போட்டுவிடும்படி கேட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில், ‘என் கையில் உள்ள கோளாறு’ என்று எழுதியிருந்தாள்.

இந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. வைபவ் சிவப்புப் பேனாவை எடுத்தான். இரண்டு இடத்தில் வாக்கியத்தைச் சரி செய்தான். ‘கையில் உள்ள கோளாறு’ என்பது ஆங்கிலத்தில் ஏதோ வியாதி மாதிரி இருந்தது. அதை அடித்துவிட்டு, மேலே ‘என் கவனக்குறைவு’ என்று எழுதினான். நாலு வருஷமாகக் கட்டுரைகளைத் திருத்திப் பழகின கை. அது தன்பாட்டுக்கு எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தான்.

“இது நல்லா இருக்குதுண்ணா” என்று சந்தியா வாங்கிக்கொண்டாள். “ரொம்ப தாங்க்ஸ். இப்படியே சார்கிட்ட கொடுத்துடறேன், கமிட்டிக்கு ஆபீஸ்ல டைப் அடிச்சிக்குவாங்க. நாளைக்கும் சனிக்கிழமையும் லீவு போட்டிருக்கேன்.”

அன்று ஏகாதசி. சாயங்காலம் அப்பாவோடு கோயிலுக்குப் போனான். கோஷ்டியில் நின்றான், உதடு அசைந்தது, குரல் வரவில்லை. முடிந்ததும் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் நீட்டிய கையிலிருந்து பாதி வழிந்து கல்தரையில் விழுந்தது.

“கையைக் குவிச்சு நீட்டுடா, சிந்தறது பார்” என்றார் அப்பா.

திரும்பி நடக்கும்போது வைபவ் சொன்னான்: “அப்பா, லேபுல பசு ரத்தத்துலேர்ந்து எடுத்த ஒண்ணைத் தொட்டு வேலை பண்றேன்.”

“ஆல்புமினா?” என்றார் கிருஷ்ணஸ்வாமி. “நானும் கெமிஸ்ட்ரி வாத்தியார்தானேடா. தெரியாதா? நீ ஆத்துக்கு வந்ததும் வராததுமா தீர்த்தமாடறச்சே எதுக்குன்னு யோசிச்சிருக்கேன்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “இதைச் சொல்லவா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருந்தே?” என்று கேட்டார்.

வைபவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. எவரிடமிருந்து இத்தனை பாடுபட்டு ஒளித்தானோ, அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. அந்த ஒளித்தலுக்குத்தான் தாமலில் ஒரு பெண் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கைலாசம் சாரின் அறைக்குப் போய், நின்றுகொண்டே சொன்னான். உற்சவம், பாட்டில், பால் பவுடர், நோட்டில் எழுதின வரி. திட்டுவார், நோட்டைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்துப் போனான். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“பால் பவுடரா? யோவ், இத மொதல்லயே சொல்லியிருந்தா எவ்ளோ பெரிய விஷயம்யா. அப்போ அந்தப் பொண்ணு செஞ்சது தப்பே இல்ல. பி.எஸ்.ஏ.வுக்கு அது மூணு தடவை அச்சு மாதிரி ஒரே ரிசல்ட் கொடுத்திருக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுவோம். பேப்பர் டபுள் ஆயிடுச்சுய்யா.” சிரித்து ஓய்ந்த பிறகு முகம் கொஞ்சம் மாறியது. “நோட்டுல பொய் எழுதுனது தப்புதான். அடிச்சுத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. அது சரி, இதாலதான்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

வைபவ் தரையைப் பார்த்தான். “நேத்துதான் சார்.”

“நல்ல வேளை” என்றார் கைலாசம் சார். “கமிட்டிக்கு முன்னால தெரிஞ்சுது.”

வெளியே வந்தபோது, உள்ளே போனபோது இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது அவனுக்கு. உண்மையைச் சொல்லப் போன இடத்தில், புதிதாக ஒரு பொய்யைக் கூடச் சேர்த்துவிட்டு வந்திருந்தான். அதுவும் யாரும் கழுத்தைப் பிடிக்காமல்.

சனிக்கிழமை வேலூர் பஸ்ஸில் ஏறித் தாமலில் இறங்கினான். கார்த்திகை மழையில் ஏரி கரையைத் தொட்டு நின்றது. தர்மன் வீடு எது என்று கேட்டதற்கு, “அந்த மதகாண்ட, லேபுக்குப் போற பொண்ணு வீடுதானே” என்று கையைக் காட்டினார்கள். ஊரே அவளை அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தது.

சந்தியாவின் அப்பா தர்மன் வயலுக்குப் போயிருந்தார். வாசலில் மழை விட்ட வெயிலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா தேவகி, லேபிலிருந்து வருகிறேன் என்றதும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாப்பா. பின்னாடிதான் இருக்குது. நாலு நாளா தண்ணியச் சொட்டு சொட்டா எண்ணிக்கினு உக்காந்துக்கினு இருக்குது. கை நடுங்குதாம். எனக்குப் பாத்தா ஒண்ணும் நடுங்கல. சொன்னா கேக்க மாட்டேங்குது.”

பின்புறம் துவைக்கிற கல்லின் மேல் மருந்து பாட்டில் மூடிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள் சந்தியா. லேபில் கழித்துக்கட்டின பழைய பைப்பெட் ஒன்றால் ஒவ்வொரு மூடியின் முதுகிலும் ஒரு துளி வைத்துக்கொண்டு வந்தாள். துளியெல்லாம் ஒரே அளவாக, குண்டுமணிபோல நின்றன. அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

“அண்ணா, நீங்க எங்க இங்க?”

நின்றபடியே சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும். அவள் குறுக்கே பேசவில்லை. பால் பவுடர் என்றபோது மட்டும் புருவம் உயர்ந்தது. எல்லாம் முடிந்ததும், முதலில் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கு அந்த பாட்டில நானே கலக்கிக் கொடுத்திருப்பேன்லண்ணா. பக்கத்து மேஜையிலதானே இருந்தேன். நெத்தியில இருந்தது மார்க்கர் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். எங்க ஊர்ல பெருமாள் கோயில் இல்லியா? நான் திருமண் பாத்தது இல்லியா?”

தேவகி மோர் கொண்டுவந்தாள். “அவங்க வெளிய குடிக்க மாட்டாங்கம்மா” என்றாள் சந்தியா. அதில் குத்தல் ஒன்றும் இல்லை, ஞாபகம் வைத்துச் சொன்னாள். வைபவ் டம்ளரை வாங்கிக் குடித்தான். குடித்ததால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து, சந்தியா கேட்டாள்.

“வியாழக்கிழமை லெட்டர் கொண்டுவந்து கொடுத்தேனே. அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

நேற்றுச் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘நேத்து’ என்பதை ‘முந்தாநாள் சாயங்காலம்’ என்று மாற்றினால் போதும். லெட்டர் கொடுத்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னால் அவளும் நம்பிவிடுவாள், மன்னித்தும்விடுவாள். அவள் முகத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற ஆசைகூட இருந்தது. வைபவ் அந்தத் துளிகளைப் பார்த்தான்.

“தெரியும்” என்றான். “ஞாயித்துக்கிழமையே தெரியும். கைலாசம் சார்கிட்ட நேத்துப் பொய் சொன்னேன். திங்கக்கிழமை அதையும் சொல்லிடறேன்.”

“அது உங்க பாடு” என்றாள். பிறகு, தனக்குத்தானே கணக்குச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள்: “நான் கைன்னுதான் எழுதியிருந்தேன். கவனக்குறைவுன்னு நீங்கதான் எழுதுனீங்க.”

அவன் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரை உதறி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. பஸ் இப்போது வந்துவிடும் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அவன் நெற்றியைத் துடைக்காமல் லேபுக்குப் போனான். அது ஒன்றும் பெரிய வீரம் இல்லை, யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கைலாசம் சாரிடம் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கட்டுரையில் முதல் பெயர் சந்தியாவுடையதாக இருக்கும் என்றார். கமிட்டிக்குப் போக வேண்டிய காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். ‘கவனக்குறைவு’ என்ற சிவப்பு எழுத்து கிழிந்த துண்டில் மேலாகத் தெரிந்தது.

பத்து மணிக்குச் சந்தியா வந்தாள். பையைக் கொக்கியில் மாட்டினாள். பால் பவுடரைக் கரைத்தாள், கொதிக்க வைத்தாள், ஆற வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்தவுடனேயே நோட்டில் எழுதினாள், பாக்கெட்டில் இருந்த தேதி உட்பட. குழாய்களை லேசருக்கு எதிரே வரிசையாக வைத்துவிட்டு ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கை கொஞ்சமும் ஆடவில்லை.

பன்னிரண்டு குழியிலும் நீலம் வந்தபோது மற்ற இருவரும் கை தட்டினார்கள். வைபவும் தட்டினான். ஒரு வருஷமாக அந்த மேஜையிலிருந்து, தட்டு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும், முதலில் அவனைத்தான் கூப்பிடுவாள். அவன் எழுந்து நின்றான்.

சந்தியா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“பாத்துக் கையெழுத்துப் போடுங்க சார்” என்றாள்.

அவன் போட்டான்.